60 யூனிற்றுக்குள்ள நிக்கிறதா, காஸை மிச்சம் பிடிக்கிறதா? ரெண்டும் சேர்ந்து ஏலுமா?

அரைக்கொத்து:
வெள்ளவத்தையில் வாடகை பிளற். நாலு பேர், அதில ரெண்டு பேர் பள்ளிக்கூடம் போற பிள்ளைகள். மீற்றர் தனி, பில் எங்கட பேரிலதான். வாடகையையும் பள்ளி வான் காசையும் தொட ஏலாது. தொடக்கூடியது கரண்ட், காஸ், சாப்பாடு மட்டும்.

முந்தி 12.5 கிலோ சிலிண்டர் 33 நாள் வந்தது. கரண்ட் 57, 58 யூனிற். காஸைக் குறைக்க எண்டு கரண்ட் கேத்தல் ஒண்டு வாங்கி, குடிக்கிற தண்ணி முழுக்க (நாளுக்கு 6 லீற்றர் மட்டில்) அதில கொதிக்க வைக்கிறம். இப்ப சிலிண்டர் 45 நாள் வருது. ஆனா கரண்ட் 76 யூனிற், பில் ரெண்டரை மடங்கு. 18 யூனிற் கூடினதுக்கு எப்பிடி இவ்வளவு ஏறும்? கேத்தலைத் தூக்கி வைக்கிறதா? வேற சாமான்: சின்ன ஒற்றைக் கதவு பிரிட்ஜ் (பழசு), இரவில ஒரு ஃபேன், ரவுட்டர், எல்ஈடி பல்ப் 5, ரிவி கொஞ்ச நேரம். றைஸ் குக்கர் இருக்கு, பாவிக்கிறேல்லை.

மீற்றர்முனி:
18 யூனிற்றுக்கு மட்டும் காசு ஏறேல்லை. 76 யூனிற்றுக்கும் ஏறியிருக்கு. வீட்டுக் கட்டணம் படிப்படியாத்தான் கணக்குப் பாக்கிறது. 60க்குள்ள நிண்டால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை, ரெண்டும் மலிவு. 60ஐத் தாண்டின உடனே அந்த மலிவுப் படி ரெண்டும் இல்லாமல் போயிடும். முதலாவது யூனிற்றில இருந்து 60 வரைக்கும் கூடின விலை, 61இல இருந்து 90 வரை அதைவிடக் கூட. அதோட மாத நிலையான கட்டணமும் அடுத்த படிக்குப் போகும். பிறகு 90, 120, 180இலயும் படி இருக்கு, ஒவ்வொண்டிலயும் நிலையான கட்டணம் பாயும். யூனிற் விலையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாத்திக்கொண்டே இருக்கு, அதால இங்க விலை எழுதேல்லை. உங்கட பில்லில இருக்கிற எண்ணைப் போட்டுப் பாருங்கோ.

இன்னொண்டு. 60 எண்டது 30 நாளுக்கு. மீற்றர் பாக்க வாறவர் 33 நாளில வந்தால் படியும் 66 ஆகும், 27 நாளில வந்தால் 54. அதால மாசக் கணக்கை மறந்து, நாளுக்கு 2 யூனிற் எண்டு வையுங்கோ. ஒவ்வொரு ஞாயிறும் மீற்றரைப் பாத்து எழுதினால் போதும். கிழமைக்கு 14. மூண்டாம் கிழமை முடிய 42க்கு மேல போயிருந்தால் கடைசிக் கிழமையில அயனையும் கேத்தலையும் அடக்கலாம். பில் வந்தாப்பிறகு அடக்க ஒண்டும் இல்லை.

கேத்தல் கணக்கு சரியாப் பொருந்துது. ஒரு லீற்றர் குழாய்த் தண்ணி கொதிக்கக் கேத்தலுக்கு 0.1 யூனிற் மட்டில் வேணும். 6 லீற்றர் எண்டால் 0.6, முப்பது நாளுக்கு 18. உங்கட கேத்தலில பிழை இல்லை.

குசினிக்கணக்கு:
மீற்றர்முனி சொன்னது பாதிதான். கேத்தலைத் தூக்கி வைக்க முன்னம் மற்றப் பக்கத்தையும் பாக்க வேணும்.

12.5 கிலோ 33 நாள் எண்டால் மாசத்துக்கு 11.4 கிலோ. 45 நாள் எண்டால் 8.3 கிலோ. மிச்சம் 3 கிலோ காஸ். ஒரு லீற்றர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் காஸ் அடுப்பில 13 கிராம் மட்டில் போகும், ஏனெண்டால் நெருப்பின்ர சூட்டில பாதி பாத்திரத்துக்கு வெளியால போகுது. 6 லீற்றர், 30 நாள், அது 2.3 கிலோ. மிச்ச 700 கிராம் எங்க போனது? கொதிச்சாப் பிறகும் அடுப்பில விட்டு வைச்ச நிமிஷங்கள். பெரிய பர்னர் முழு நெருப்பில மணித்தியாலத்துக்கு 200 கிராமுக்கு மேல குடிக்கும். தண்ணி பொங்கிக் கொதிச்சு ஒரு நிமிஷம் போதும். பத்து நிமிஷம் கொதிக்க விட்டாத்தான் கிருமி சாகும் எண்டது வெறும் பழக்கம்.

காஸா கரண்டா எண்டு தீர்மானிக்கச் சின்னக் கணக்கு: சிலிண்டர் விலையை 12.5ஆல பிரியுங்கோ, வாறதை 7ஆல பிரியுங்கோ. ஒரு கிலோ காஸ் அடுப்பில செய்யிற வேலையைக் கேத்தல் 7 யூனிற்றில செய்யும். கணக்குக்காகச் சிலிண்டர் 4000 ரூபா எண்டு வைப்பம்: கிலோ 320, ஏழால பிரிச்சால் 45 ரூபா சொச்சம். நீங்கள் நிக்கிற படியில அடுத்த யூனிற் அந்த 45ஐ விட மலிவெண்டால் கரண்ட் லாபம். கூடவெண்டால் காஸ் லாபம்.

இதில விளங்க வேண்டியது, 61க்கும் 90க்கும் இடையில ஒரு யூனிற்றின்ர விலை அப்படியொண்டும் பெரிசில்லை. அடி விழுறது தாண்டேக்கதான். ஒருக்கால் தாண்டினால் 62இல நிண்டாலும் 85இல நிண்டாலும் அந்த அடி ஒண்டுதான். அதால படிக்குக் கொஞ்சம் மேல நிக்கிறதுதான் எல்லாத்திலயும் மோசம். உங்கட 76 அப்பிடியான இடம். ஒண்டில் 60க்குக் கீழ இறங்குங்கோ, இல்லையெண்டால் 85 மட்டும் போய், காஸை இன்னும் குறையுங்கோ.

மேல போறதெண்டால் கவனம். றைஸ் குக்கரில ஒருக்கால் சோறு போட 0.3 யூனிற் மட்டில் போகும். நாளுக்கு ஒருக்கால் எண்டால் மாசம் 9, மொத்தம் 85. ரெண்டு தரம் போட்டால் 94. 90ஐத் தாண்டினால் நிலையான கட்டணம் பாய்ஞ்சு, காஸில பிடிச்ச மிச்சத்தை அப்படியே திண்டிடும். சோறு வெந்ததும் பிளக்கைக் கழட்டுங்கோ. சூடா வைச்சிருக்கிற லைட் எரியேக்க 40 வாட் போகுது, எட்டு மணித்தியாலம் விட்டால் இன்னொருக்கால் சோறு போட்ட செலவு.

அரைக்கொத்து:
இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் சொல்லேல்லை, நன்றி அண்ணாமார். 60க்குக் கீழ இறங்கத்தான் விருப்பம். கேத்தலையும் வைச்சுக்கொண்டு இறங்க ஏலுமா? எது எவ்வளவு இழுக்குது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அளக்கிற பிளக் வாங்கக் காசில்லை.

மீற்றர்முனி:
வாங்கத் தேவையில்லை. மீற்றரே அளக்கும். முகப்பில சின்னச் சிவப்பு லைட் ஒண்டு சிமிட்டும், பக்கத்தில 1600 இம்ப் அல்லது 3200 இம்ப் எண்டு போட்டிருக்கும். 1600 எண்டால் 1600 தரம் சிமிட்டினால் ஒரு யூனிற்.

வீட்டில எல்லாத்தையும் நிப்பாட்டி, அளக்கிற சாமானை மட்டும் போடுங்கோ. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததுக்கும் இடையில எத்தனை செக்கன் எண்டு போனில பாருங்கோ. 1600 மீற்றருக்கு 2250ஐ அந்தச் செக்கனால பிரிச்சால் வாட். 30 செக்கனுக்கு ஒண்டு எண்டால் 75 வாட், அது பழைய சீலிங் ஃபேன். கேத்தல் ஒன்றரைச் செக்கனுக்கு ஒருக்கால் படபடக்கும். 3200 மீற்றருக்கு 1125ஐப் பிரியுங்கோ. ஒரு சிமிட்டலை நம்பாமல் அஞ்சைச் சேர்த்து எண்ணி அஞ்சால பிரிச்சால் கை பிசகாது.

எல்லாப் பிளக்கையும் கழட்டின பிறகும் சிமிட்டினால் ரெண்டு காரணம். மெயின் சுவிட்ச்சை இறக்கிப் பாருங்கோ. நிண்டால் வீட்டு வயரிங்கில கசிவு, அல்லது மறந்துபோன ஏதோ ஒண்டு (மணி, தண்ணி மோட்டர்). இறக்கியும் சிமிட்டினால் மீற்றருக்கும் மெயினுக்கும் இடையில வேற ஆரோ இழுக்கலாம், இல்லாட்டி மீற்றரே பிழையா இருக்கலாம். மின் இணைப்புத் தெரிஞ்சவரைக் கூப்பிடுங்கோ, நீங்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம். சில மீற்றரில ஒண்டும் ஓடாட்டி அந்த லைட் சிமிட்டாமல் நிலையா எரியும், அது பிழையில்லை.

உங்கட பட்டியலில ரெண்டு பெரியது: பிரிட்ஜ், ஃபேன். ரவுட்டர் 10 வாட்தான், ஆனா 24 மணித்தியாலமும் எண்டால் மாசம் 7 யூனிற். இரவு பத்து தொடக்கம் காலமை ஆறு வரை நிப்பாட்டினால் ரெண்டரை யூனிற் மிச்சம். ஃபேனை, கரண்ட் குறைவா எடுக்கிற பிஎல்டிசி மோட்டர் உள்ளதா மாத்தினால் 75 வாட் 30 ஆகும், எட்டு மணித்தியாலம் ஓடுற ஃபேனுக்கு மாசம் 10 யூனிற் மிச்சம். விலை கூட, அதை முதல் வேலையா வைக்க வேண்டாம். பல்ப்பைத் தொடாதேங்கோ. அஞ்சு எல்ஈடியும் சேர்ந்து அஞ்சு யூனிற்தான். பிள்ளைகள் படிக்கிற லைட்டை நிப்பாட்டி மிச்சம் பிடிக்கிறது பலருக்கு முதல்ல தோன்றுற வழி, பிரயோசனம் இல்லாத வழியும் அதுதான்.

குசினிக்கணக்கு:
கேத்தலிலயும் வெட்டலாம். கேத்தல் பிழையாகிறது மூண்டு இடத்தில. ரெண்டு கோப்பைத் தேத்தண்ணிக்கு ஒன்றரை லீற்றர் நிரப்புறது. கொதிச்சு ஆறினதைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கிறது. மூடி சரியா மூடாமல் இருக்கிறது: ஆவி சுவிட்ச்சுக்குப் போகாது, கொதிச்சாப் பிறகும் நிக்காமல் ஓடும். காலமை ஒருக்கால் கொதிக்க வைச்சுச் சுடுதண்ணிப் போத்தலில ஊத்தி வைச்சால் பின்னேரம் வரைக்கும் தேத்தண்ணிக்குக் காணும்.

குடிக்கிற தண்ணியை மட்டும் காஸுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். மூடியோட, நெருப்பு பானைக்கு அடியை விட்டு வெளிய நக்காமல், பொங்கினதும் ஒரு நிமிஷத்தில நிப்பாட்டினால் 6 லீற்றருக்கு நாளுக்கு 80 கிராம். தேத்தண்ணித் தண்ணி மட்டும் கேத்தலில, ரெண்டு லீற்றருக்கு 0.2. கொழும்புத் தண்ணி அம்பத்தலையில சுத்திகரிச்சு வாற களனி ஆத்துத் தண்ணி. யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி மாதிரிக் கேத்தலில சுண்ணாம்பு பிடிக்கிறது குறைவு, அந்த ஒரு கரைச்சல் இல்லை.

காஸ் பக்கம்: நெருப்பு நீலமா இருக்க வேணும். மஞ்சள் நுனியும் பானைக்கு அடியில கரியும் இருந்தால் பர்னர் ஓட்டையில சாப்பாட்டு அடைப்பு. ஆறவிட்டு மூடியைக் கழட்டி, ஊசியால ஓட்டை ஓட்டையாக் குத்தி, பல் துலக்குற பழைய பிரஷால தேய்ச்சுக் கழுவி, நல்லாக் காய்ஞ்ச பிறகு போடுங்கோ. ஈரத்தோட போட்டால் திரும்ப மஞ்சளாத்தான் எரியும்.

கடலை, கௌப்பி எல்லாம் இரவே ஊறப் போட்டுப் பிரஷர் குக்கரில. மைசூர்ப் பருப்பை அரை மணித்தியாலம் ஊற வைச்சால் வேகிற நேரம் பாதியாகும். நாட்டரிசிச் சோற்றுக்கு இன்னொரு வழி: அளவாத் தண்ணி விட்டுப் பத்து நிமிஷம் மூடிக் கொதிக்க வைச்சு, இறக்கி, பானையோட பழைய போர்வையால சுத்தி 40 நிமிஷம் வையுங்கோ. உள்ளுக்கு இருக்கிற சூட்டில வெந்திடும். பாரமான அடிப்பானையா, முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சதா இருந்தாத்தான் சரிவரும். அரைப் பானையில சூடு தங்காது, அரிசி நடுவில கல்லா நிக்கும். சுத்தினதை மணிக்கணக்கா அப்படியே விடாதேங்கோ, இளஞ்சூட்டில சோறு கெதியாப் பழுதாகும்.

சிலிண்டர் வந்ததும் நிறுத்து வாங்குங்கோ. கழுத்தில வெற்று நிறை அடிச்சிருக்கும், அதோட 12.5 கூட்டி வாற நிறை இருக்க வேணும். ஆள் ஏறி நிறுக்கிற தராசு ஒண்டு போதும். காஸ் முடியிற நேரம் சிலிண்டரைச் சரிக்கிறது, சுடுதண்ணி ஊத்துறது வேண்டாம்.

மாடிக்குக்கீழ:
குறுக்கால பூந்து கேட்கிறதுக்கு மன்னிச்சுக்கோங்க. நாங்க தெஹிவளையில அனெக்ஸ்ல இருக்கோம். மீற்றர் ஒன்னுதான், வீட்டுக்காரர் மேல இருக்காரு. எங்களுக்கு உள்ள சின்ன மீற்றர் போட்டிருக்காரு, மாசம் 70 யூனிற் வருது. யூனிற்றுக்கு ஒரே விலையா ஒன்னு சொல்றாரு, அது கூடவான்னு தெரியல. இந்த 60 கணக்கு எங்களுக்கும் சரிவருமா?

மீற்றர்முனி:
வராது. பிரதான மீற்றரில ரெண்டு வீடும் சேர்ந்துதான் படி ஏறுறது. நீங்கள் 70, அவை 70 எண்டால் 140. அது 121 தொடக்கம் 180 வரையான படி, நிலையான கட்டணமும் அதுக்குரியது. நீங்கள் 55க்கு இறங்கினாலும் மலிவுப் படி கிடைக்காது.

நியாயமான பிரிப்பு இதுதான்: மொத்தப் பில் தொகை, பெருக்கல் உங்கட யூனிற், பிரித்தல் பிரதான மீற்றரின்ர மொத்த யூனிற். மாசாமாசம் பில்லின்ர படத்தை அனுப்பச் சொல்லிப் பணிவாக் கேளுங்கோ. ஒரே விலை சொல்றதில உள்ள சிக்கல், கட்டணம் குறைஞ்சாலும் அந்த விலை குறையாது. உள் மீற்றரையும் ஒருக்கால் சோதிச்சுப் பாருங்கோ: கேத்தலில அளந்து ஒரு லீற்றர் வீதம் பத்துத் தரம் கொதிக்க வைச்சால் ஒரு யூனிற் மட்டில் ஏற வேணும். ஒன்றரை ஏறினால் மீற்றர் பிழை. தனி இணைப்புக்கு வீட்டுக்காரர்தான் விண்ணப்பிக்க வேணும், வயரிங்கும் பிரிஞ்சிருக்க வேணும். புதுசா வாடகைக்குப் போறவை முற்பணம் குடுக்க முன்னம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மீற்றர் ஆருடையது எண்டதுதான்.

உங்களுக்குக் குசினிக்கணக்கு சொன்ன 7ஆல பிரிக்கிற கணக்கைத் திரும்பப் போடுங்கோ. அந்த உயரத்தில யூனிற் விலை காஸுக்குக் கிட்ட வந்திடும். கேத்தலும் றைஸ் குக்கரும் பெரிசா லாபம் தராது.

ஐந்தாங்குறுக்கு:
எல்லாரும் கரண்ட்லயே நிக்கிறீங்க. சாப்பாட்டுச் சாமான்லதான் கை கூடப் போகுது. சுருக்கமா சொல்றேன்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில்ல போய், நடந்து புறக்கோட்டை நாலாம், அஞ்சாம் குறுக்குத்தெரு. பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், மல்லி, கடலை இதுகளுக்கு மட்டும் போங்க. திரும்பி வர முச்சக்கர வண்டி பிடிச்சா லாபம் அதுலயே போயிடும், அதனால ஒரு ஆள் தூக்கக்கூடிய 10, 12 கிலோதான் கணக்கு. அரிசி 25 கிலோ மூட்டை ரெண்டு மூணு வீடு சேர்ந்து எடுத்துப் பிரிச்சா சரி. தனியா எடுத்தா, ஈரக் காலத்துல கடைசி அஞ்சு கிலோவுல வண்டு வந்துரும். போறதுக்கு முன்னாடி அரசாங்கக் கடையான சதொசவுல விலையைப் பாருங்க. சில மாசம் சீனியும் பருப்பும் அங்கேயே மலிவா இருக்கும், அப்ப புறக்கோட்டை தேவையில்ல. மரக்கறிக்கு நாரஹேன்பிட்டி பொருளாதார மத்திய நிலையம் நல்லம், ஆனா ஒரு கிழமைக்கு மேல வாங்காதீங்க. கீரை, போஞ்சி அழுகிப்போனா எந்த மலிவும் மலிவில்ல.

மிளகாய்த்தூள் சின்னப் பக்கற் வாங்காதீங்க. 50 கிராம் விலையை இருபதால பெருக்கிப் பாருங்க, கிலோ செத்தல் மிளகாய் விலையோட ஒப்பிட்டுப் பாருங்க, விளங்கும். ஒரு கிலோ காயவச்சு மில்லுல அரைச்சா காம்பு, ஈரம் போக 900 கிராம் கிட்ட வரும்.

தேங்காய்: துருவலைக் கையால பிழியிறதைவிட, இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு மிக்சியில ரெண்டு சுத்து சுத்திப் பிழிஞ்சா பால் கூட வரும். கொதிதண்ணி வேணாம், எண்ணெய் பிரிஞ்சுரும். முதல் பாலை எடுத்து வச்சுட்டு, இரண்டாம் பால்லயே பருப்பையும் மரக்கறியையும் வேகவிட்டு, கடைசியா முதல் பால் ஊத்தினா அரைத் தேங்காய்ல ரெண்டு கறி, ஒரு சொதி. மீன் எடுக்கிறதா இருந்தா பெரிய மீன் துண்டை விடுங்க. சாளை, நெத்தலி போதும். சாளையில தலையும் குடலும் போக மூணுல ஒரு பங்கு கழியும், அதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிடணும். கழிச்சாலும் மலிவுதான்.

அரைக்கொத்து:
மீற்றர் பாத்தேன். 1600 இம்ப். பிரிட்ஜ் மோட்டர் ஓடேக்க 22 செக்கனுக்கு ஒரு சிமிட்டல். ஒரு மணித்தியாலத்தில 25 நிமிஷம் ஓடுது. கதவிடுக்கில ஒரு கடதாசித் தாளை வைச்சு மூடி இழுத்தால் கீழ்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு லேசா வழுக்கிக்கொண்டு வருது. மேல ஐஸ் ஒரு விரல் தடிப்பு.

மீற்றர்முனி:
102 வாட், 25 நிமிஷம். நாளுக்கு ஒரு யூனிற் சொச்சம், மாசம் 31 மட்டில். உங்கட 60இல பாதி அதுக்கே போகுது. அஞ்சு யூனிற் அதில கழட்டலாம்.

ஐஸை முதல்ல உருக்குங்கோ. கத்தியால கிண்ட வேண்டாம், உள்ளுக்கு ஓடுற காஸ் குழாய் ஓட்டையாகினால் பிரிட்ஜே முடிஞ்சுது. நிப்பாட்டிக் கதவைத் திறந்து, உள்ளுக்கு ஒரு சட்டி சுடுதண்ணி வைச்சால் தானா விழும். இனி அரை விரல் தடிப்புக்கு வந்ததும் உருக்குங்கோ.

றபரில பிடிக்காத அந்தச் சாண் நீளத்தைச் சவர்க்காரத் தண்ணியால துடைச்சு, சுடுதண்ணியில நனைச்ச துணியை அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கோ. இளகினதும் விரலால வெளியால இழுத்து விட்டு, கதவை மூடி ரெண்டு மணித்தியாலம் திறக்காமல் விடுங்கோ. பிறகு திரும்பத் தாள் வைச்சுப் பாருங்கோ. அப்பவும் வழுக்கினால் றபர் இறுகிப் போச்சு, மாத்தத்தான் வேணும். மொடல் இலக்கத்தையும் கதவின்ர நீள அகலத்தையும் எழுதிக்கொண்டு போங்கோ, பழைய றபரைக் கழட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லம்.

பின்பக்கம் சுவரில முட்டிக்கொண்டு நிண்டால் நாலு விரல் முன்னுக்கு இழுங்கோ. கம்பியில தூசி இருந்தால் தட்டுங்கோ. சூட்டை வெளியால விட ஏலாட்டி மோட்டர் கூட நேரம் ஓடும். நல்ல சூட்டில கறிச்சட்டியை உள்ளுக்கு வைக்க வேண்டாம். முடிஞ்சதும் அந்த 25 நிமிஷத்தை ஒருக்கால் திரும்ப எண்ணுங்கோ.

அரைக்கொத்து:
சரி அண்ணா. ஐஸ் உருகுது, கீழ துவாய் விரிச்சிருக்கு. ஞாயிறு மீற்றர் எண்ணோட வாறன்.